நாள் குறித்து வரும் பசி

ஆனிப் பௌர்ணமியன்று காரைக்காலில் மொட்டை மாடிகளில் நிற்க இடம் கிடைக்காது. கைலாசநாதர் கோயிலைச் சுற்றிய வீதிகளில் கூடை கூடையாக மாம்பழத்தை மாடியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீட்டுக்காரர்கள் காத்திருப்பார்கள். பிச்சைக்கு வரும் சிவனான பிச்சாண்டவர் வீதி திரும்பியதும் பழங்கள் பறக்கத் தொடங்கும். கீழே நிற்கும் கூட்டம் முந்தானையை விரித்தும் துண்டை ஏந்தியும் அவற்றைப் பிடிக்கும். பிள்ளைவரம் வேண்டி வந்தவர்களுக்கு அந்தப் பழமே பிரசாதம். பசியோடு வாசலுக்கு வந்த ஒரு சிவனடியாருக்குப் புனிதவதி என்ற வணிகர் குலப் பெண் சோற்றோடு மாம்பழம் இட்ட கதையை ஊரே சேர்ந்து ஆண்டுதோறும் இப்படி நடத்திக் காட்டுகிறது. அந்தப் பெண்தான் பின்னாளில் காரைக்கால் அம்மையார்.

இந்த விழா வரும் மாதம் கவனிக்கத்தக்கது. திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரிப் பக்கத்து வயல்களில் ஆனி என்பது கையில் காசு இல்லாத மாதம். தையில் சம்பா அறுத்துக் கிடைத்த கூலி நெல் பங்குனியோடு தீர்ந்திருக்கும். சித்திரையும் வைகாசியும் நிலம் வெடித்துக் கிடக்கும் காலம், அப்போது வயலில் வேலை இல்லை. குறுவை நடவு தொடங்கினால்தான் மறுபடி கூலி. அதற்கு மேட்டூர் திறக்க வேண்டும், திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர வேண்டும்.

காரைக்கால் கடைமடையிலும் கடைமடை. சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தத் துண்டு நிலத்தை மூன்று பக்கம் தமிழ்நாடும் ஒரு பக்கம் கடலும் சூழ்ந்திருக்கின்றன. அரசலாறு, நாட்டாறு, திருமலைராஜனாறு என்று காவிரியின் கிளைகள் எல்லாம் எல்லோருக்கும் பாய்ந்து மீதியானதோடு இங்கே வந்து கடலில் விழுகின்றன. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் பங்காகக் காவிரி நடுவர் மன்றம் 2007-இல் ஒதுக்கிய 7 டிஎம்சி தண்ணீர் முழுக்கக் காரைக்காலுக்குத்தான். 2018-இல் உச்ச நீதிமன்றமும் அந்த அளவை மாற்றவில்லை. ஆனால் எந்த ஆண்டில் எந்த வாரம் தண்ணீர் மதகுக்கு வரும் என்பதைத் தீர்ப்பு சொல்வதில்லை, அதை ஆறுதான் சொல்ல வேண்டும்.

ஆண்டில் இன்னொரு பள்ளமும் உண்டு. சம்பா நட்டு, களை பறித்து முடித்த பிறகு ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வயலில் இறங்க வழியில்லை. பயிர் பச்சையாக நிற்கும், பானை காலியாக இருக்கும். கதிர் முற்றித் தை பிறக்கும்வரை இதே நிலைதான். 2008 நவம்பர் இறுதியில் காரைக்காலை ஒட்டிக் கரையைக் கடந்த நிஷா புயல் போல ஒன்று வந்துவிட்டால் தையும் கைவிட்டுவிடும்.

பஞ்சம் வரலாற்றில் ஏறிவிடும். 1876–78 தாது வருடப் பஞ்சத்துக்குக் கும்மிப் பாட்டு உண்டு, அரசாங்க அறிக்கை உண்டு. ஆண்டுதோறும் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் இந்தப் பசிக்கு அறிக்கை கிடையாது. நெற்களஞ்சியம் என்று பெயரெடுத்த ஊரில் நெல் நட்டவர்களே வயிற்றைக் கட்டினார்கள் என்றால் கேட்கிறவர்களுக்கு நம்பவும் தோன்றாது.

நட்டவர்கள் அதற்கென்று ஒரு கலையே வைத்திருந்தார்கள். முதலில் சோறு கஞ்சியாகும், பிறகு கஞ்சி நீராகாரமாகும். காலையில் நீராகாரத்தைக் குடித்துவிட்டு இறங்கினால் பொழுது சாயும்வரை தாங்க வேண்டும். வரப்பில் முளைத்த பண்ணைக்கீரையும் வாய்க்கால் ஓரத்து ஆரைக்கீரையும் பானைக்கு வரும். குளம் வற்றும்போது சேற்றைத் துழாவிக் கொட்டிக் கிழங்கும் அல்லிக் கிழங்கும் எடுப்பார்கள். மழைக்காலத்தில் வயல் நண்டை இடித்து ரசம் வைப்பார்கள். நத்தை மூலத்துக்கு நல்லது என்று ஒரு காரணமும் சொல்லிக்கொள்வார்கள், காரணம் இல்லாவிட்டாலும் சாப்பிட்டிருப்பார்கள்.

அறுவடை முடிந்த வயலில் எலிவளை தோண்டுவது தனி வித்தை. எலி கதிரை அடியோடு கத்தரித்து வளைக்குள் இழுத்துச் சென்று சேமித்து வைக்கும். வளை எங்கே தொடங்கி எந்தப் பக்கம் திரும்பும், களஞ்சிய அறை எந்த ஆழத்தில் இருக்கும் என்று மண்ணைப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள். மண்வெட்டியால் பக்கவாட்டில் வெட்டிக்கொண்டே போய் அறையைத் திறந்தால் கைநிறையக் கதிர் வரும், அதிருஷ்டம் இருந்தால் ஒரு மரக்கால்கூடத் தேறும். எலியும் பானைக்குப் போகும். பண்ணையாரின் வயலில் விளைந்து, எலி திருடி, பண்ணையாள் மீட்ட அந்த நெல் யாருடையது என்று யாரும் வழக்குப் போட்டதில்லை.

இதற்கெல்லாம் மேல் கடன். அண்டா, குண்டான், பித்தளைக் குடம் அடகுக் கடைக்குப் போய்த் தையில் திரும்பி வரும். சில ஆண்டு வராது. அறுப்பில் தருகிறேன் என்று ஆடியில் வாங்கிய ஒரு கலம் நெல்லுக்கு அறுப்பில் ஒன்றரைக் கலம் அளக்க வேண்டியிருக்கும்.

இந்தப் பசி நாட்காட்டியின் மேல் சாமி நாட்காட்டியைப் பொருத்திப் பார்த்தால் ஒன்று புலப்படும். ஆனியில் மாங்கனி. ஆடியில் மாரியம்மன் கோயில்தோறும் கூழ் வார்ப்பு. கேழ்வரகுக் கூழும் முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் கேட்டு வருகிற எல்லோருக்கும் ஊற்றப்படும். மார்கழியில் விடியற்காலையில் கோயில் வாசலில் சுடச்சுடப் பொங்கல், திருவாதிரைக்குக் களி. கொடுக்கிற விழாக்கள் பல, இல்லாத மாதங்களில்தான் வந்து நிற்கின்றன. இவற்றைத் தொடங்கிவைத்தவர்களின் மனதில் இந்தக் கணக்கு இருந்ததா என்று நிரூபிக்க முடியாது. ஆனால் ஆடியில் ஒரு குவளைக் கூழுக்கு என்ன மதிப்பு என்பது அதை வாங்கக் கை நீட்டியவர்களுக்கும் ஊற்றியவர்களுக்கும் தெரிந்தே இருந்தது.

சமயம் பசியை அறிந்திருந்தது என்பதுவரை சரி. அறிந்துகொண்டு என்ன சொன்னது என்பதுதான் கேள்வி.

அம்மையார் கதையை ஒரு கூலிக்காரர் கேட்கிற விதமாகக் கேட்டுப் பார்க்கலாம். கணவன் பரமதத்தன் இரண்டு மாம்பழங்களை வீட்டுக்கு அனுப்புகிறான். அடியார் வருகிறார். சோறு வெந்திருக்கிறது, கறி ஆகவில்லை. புனிதவதி ஒரு பழத்தை இலையில் வைக்கிறாள். பசி தீர்ந்து அடியார் போய்விடுகிறார். இதுவரை அற்புதம் எதுவும் இல்லை, ஒரு பெண் இருந்ததைப் பகிர்ந்தாள், அவ்வளவுதான். கணவன் சாப்பிட உட்கார்ந்து ஒரு பழத்தைத் தின்றுவிட்டு இன்னொன்று எங்கே என்று கேட்கும்போதுதான் கடவுள் தேவைப்படுகிறார். அவள் வேண்ட, கையில் ஒரு பழம் வருகிறது. ஆக, பசித்தவனுக்குச் சோறு போட மனிதக் கை போதுமானதாக இருந்தது. கணக்குக் கேட்டவனுக்குப் பதில் சொல்லத்தான் அற்புதம் வேண்டியிருந்தது.

காரைக்காலோடு தொடர்புள்ள இன்னொரு அடியார் கதையிலும் இதே இடத்தில்தான் அற்புதம் நடக்கிறது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம் 1860-களின் தொடக்கத்தில் அச்சேறக் காரைக்காலில் இருந்த சீசே என்ற பிரெஞ்சு அதிகாரி துணைநின்றார். அந்த நந்தன் ஒரு பண்ணையாள். சிதம்பரம் போக ஆண்டையிடம் விடை கேட்கிறான். நாற்பது வேலி நிலத்தையும் அறுத்து முடித்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டையான வேதியர். ஒரே இரவில் சிவகணங்கள் இறங்கி அறுத்து அடித்துக் குவிக்கின்றன. பெரிய புராணத்தில் இந்த வேதியர் இல்லை. சேக்கிழாரிடம் இல்லாத ஆண்டையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தஞ்சை மண் பாரதியாருக்குக் கொடுத்தது. அங்கே கணவன், இங்கே ஆண்டை. பழமோ உழைப்போ, என் பங்கு எங்கே என்று உடைமைக்காரன் கேட்கும் நொடியில் கதையை மேலே நகர்த்த மனித ஏற்பாடு எதுவும் இல்லை, தெய்வம்தான் இறங்க வேண்டியிருக்கிறது.

கணவன் அஞ்சி ஒதுங்கியபின் அம்மையார் கேட்டு வாங்கிய உடம்பும் யோசிக்கவைப்பது. அழகையும் சதையையும் உதறிவிட்டு, எலும்பும் நரம்புமாய், ஒட்டிய வயிறும் குழி விழுந்த கண்ணுமாகப் பேய் வடிவம் ஏற்றார். சோழர் காலச் செப்புச் சிலைகளில் அந்த வடிவத்தைப் பார்க்கலாம்: விலா எலும்பு எண்ணும்படி இருக்கும், கையில் தாளம், முகத்தில் ஆனந்தம். பட்டினியால் வற்றிய உடம்புக்கு உலகச் சிற்பக் கலையில் இவ்வளவு மரியாதை கிடைத்தது அபூர்வம். ஆனாலும் அந்த உடம்பை அவர் விரும்பித் தேர்ந்தெடுத்தார். மார்கழி மழையில் அடுப்பெரியாத குடிசையில் அதே உடம்போடு இருந்த பெண்ணிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. ஏகாதசிக்கு ஒருவேளை உண்ணாமல் இருப்பவர் துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரை எங்கே கிடைக்கும் என்று யோசிப்பார். கூலிக் குடும்பத்தில் பாரணை எப்போது என்பதை வேறு யாரோதான் முடிவு செய்தார்கள்.

எல்லாம் அவரவர் வினை என்று சொல்லி இதைக் கடந்துவிடலாம், கடந்தவர்கள் ஏராளம். அந்தப் பதிலை நேருக்கு நேர் எடுத்து வைத்து வாதிட்டவர் வடலூர் வள்ளலார். 1866-ஆம் ஆண்டுப் பஞ்சத்துக்கு மறு ஆண்டு, 1867 வைகாசியில், சத்திய தருமச்சாலையின் அடுப்பைப் பற்றவைத்தவர் அவர். அது இன்றும் அணையாமல் எரிகிறது. முன்வினைக்காகக் கடவுளே ஒருவரைப் பட்டினி போட்டிருந்தால், அவருக்குச் சோறு போடுவது கடவுள் கட்டளையை மீறுவதாகாதா? ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற தன் உரைநடை நூலில் இந்தக் கேள்வியை அவரே எழுப்பிப் பதிலும் சொல்கிறார். கொடிய குற்றம் செய்து சிறையில் கிடப்பவனுக்கும் அரசன் தன் சேவகரைக் கொண்டு உணவு கொடுக்கிறான், தண்டனை வேறு, பட்டினி வேறு என்பது அந்தப் பதிலின் சாரம். வினைக் கொள்கையை அவர் மறுக்கவில்லை. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு இலை போடாமல் இருக்கும் உரிமையைத்தான் பறித்தார்.

பருவப் பசியை வைத்துப் பார்த்தால் வள்ளலாரின் வாதத்தை இன்னும் ஒரு அடி நகர்த்தலாம். எதிர்பாராமல் விழும் இடியை விதி என்று சொல்லித் தேற்றிக்கொள்ளலாம். ஆண்டுதோறும் அதே மாதத்தில், அதே தெருவுக்கு மட்டும், நாள் தவறாமல் வரும் பசிக்கு விதி என்ற பெயர் பொருந்தாது. மிராசுதார் தெருவிலும் ஆனி பிறந்தது, அங்கே பத்தாயம் நிறைந்திருந்தது. இரண்டு தெருவுக்கும் மழை ஒன்று, ஆறு ஒன்று, தெய்வமும் பெயரளவில் ஒன்றே. வேறுபட்டது நிலத்தின் பட்டாவும் கூலியின் அளவும்.

பட்டாவையும் கூலியையும் பற்றிச் சமயம் பேசத் தயங்கியது. பேச வேண்டிய இடத்தில் தானத்தைப் பேசியது. அந்தத் தானத்துக்கும் மதில் இருந்தது: கோயில் மடைப்பள்ளிச் சோற்றுக்கு அடியாரும் வேதியரும் உள்ளே போனார்கள், அரிசியை விளைவித்த சேரி மக்கள் இருபதாம் நூற்றாண்டு வரை வெளியே நின்றார்கள். அவர்களுக்கு வாய்த்தது மாரியம்மன் கூழ்தான்.

வெளியே நின்றவர்கள் இரண்டு வழிகளில் நகர்ந்தார்கள். ஒன்று கடல். பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848-இல் அடிமை முறை ஒழிந்ததும் ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். காரைக்காலிலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. பக்கத்துத் தஞ்சைக் கிராமங்களிலிருந்து எல்லை தாண்டி வந்தவர்களும் அவற்றில் ஏறினார்கள். 1854-க்குப் பிறகு முப்பத்தைந்து ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து குவாதலூப்புக்கு மட்டும் போனவர்கள் சுமார் 42,000 பேர். அவர்கள் எடுத்துச் சென்ற தெய்வம் மாரியம்மன். அந்தத் தீவில் இன்றும் மாலியேமேன் என்ற பெயரில் அவளுக்குக் கோயில் உண்டு, படையல் உண்டு.

இன்னொரு வழி, கேட்பது. தஞ்சைக் கிராமங்களில் பண்ணையாட்கள் செங்கொடியின் கீழ் திரண்டு கேட்டதன் பலனாக 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் பிறகும் சண்டை மரக்காலிலும் படியிலும்தான் நடந்தது. 1968 டிசம்பர் 25 இரவு, மார்கழியில், கதிர் முற்றிக்கொண்டிருந்த காலத்தில், காரைக்காலுக்குத் தெற்கே கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட போராட்டத்தின் முடிவு அது. அன்னதானமாக ஒரு மூட்டை அரிசி போடத் தயங்காத சமூகத்தில், அதே அரிசியை உரிமை என்று கேட்டபோது அரைப்படிக்கு நெருப்பு வைக்கப்பட்டது. மறு ஆண்டு கீழத்தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

கொடுப்பதில் இருக்கும் இந்தச் சிக்கலை மணிமேகலை ஆசிரியர் வெகு காலத்துக்கு முன்பே தொட்டிருக்கிறார். ஆபுத்திரன் கையில் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி. பாண்டிய நாட்டில் பசித்தவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்கிறான். அவனிடம் சினம் கொண்ட இந்திரன் சாபம் கொடுக்கவில்லை, மழை கொடுத்தான். நாடு செழித்தது, பாத்திரத்தை நோக்கி வர ஆளில்லை. ஊர் ஊராகத் தேடியும் உண்பவர் கிடைக்காமல் ஆபுத்திரன் தனித்துப் போனான். பசித்தவர் இல்லாத நாட்டில் ஈகைக்கு வேலை என்ன என்று இதைவிடக் கூர்மையாகக் கேட்டுவிட முடியாது. கேட்ட இடம் பூம்புகாரைக் களமாகக் கொண்ட காப்பியம், காரைக்காலுக்கு வடக்கே அதே கடற்கரை.

ஒரு குறளில் வள்ளுவர் இன்னும் கோபமாகப் பேசுகிறார்: இரந்துதான் உயிர்வாழ வேண்டும் என்று உலகம் அமைந்திருந்தால், அமைத்தவனே அலைந்து கெடட்டும் என்கிறார். சைவத்தில் அமைத்தவன் உண்மையிலேயே கபாலம் ஏந்தி அலைகிறான், அவன்தான் பிச்சாண்டவர். சாபத்தையே விழாவாக்கிக் கொண்டாடும் துணிச்சல் இந்தச் சமயத்துக்கு உண்டு. கடவுளைப் பசித்தவனாக நிறுத்தியது பெரிய சிந்தனை. பசித்தவனைக் கூலி கேட்கும் உரிமையுள்ளவனாக நிறுத்துவதற்கு மட்டும் வேறு ஆட்கள் வர வேண்டியிருந்தது.

இன்று பானை முன்போலக் காலியாவதில்லை. பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு போடும் வழக்கத்தைப் புதுச்சேரியில் பிரெஞ்சு நிர்வாகம் 1930-லேயே தொடங்கியது. 2013-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்து தானியத்தைச் சட்ட உரிமையாக்கியது. ஆனால் காரைக்காலுக்கு அதிலும் ஒரு தனிக்கதை. 2015 செப்டம்பரில் சண்டிகரிலும் புதுச்சேரியிலும் தானியத்துக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போடும் முறையை ஒன்றிய அரசு கொண்டுவந்தது. பிறகு புதுச்சேரி அரசின் இலவச அரிசியும் பணமானது, ரேஷன் கடைகள் பூட்டிக் கிடந்தன. எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டில் 2011 முதல் இலவச அரிசி. ஒரே வாய்க்காலின் இக்கரையில் பணம், அக்கரையில் அரிசி. பணம் வந்த நாளில் வீட்டில் கேட்பவர்கள் பலர்: கடன்காரர், மருந்துக்கடை, டாஸ்மாக்கைவிட மலிவான உள்ளூர்ச் சாராயக்கடை. அரிசியை அப்படி எளிதில் திசைதிருப்ப முடியாது என்று பெண்கள் சொன்னதில் பொருளாதாரம் இருந்தது. 2024 தீபாவளியை ஒட்டித்தான் கடைகள் மீண்டும் திறந்தன.

பள்ளம் இப்போது வேறு உருவில் வருகிறது. நடவு இயந்திரமும் கதிர் அறுக்கும் இயந்திரமும் வந்தபின் கூலி நாட்கள் சுருங்கின. ஆண்கள் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் போகிறார்கள். அடகுக்குப் போன அண்டாவின் இடத்தில் குழுக் கடன், அதற்கு வாரத் தவணை. ஆனியிலும் கார்த்திகையிலும் தவணை நிற்பதில்லை. சோறு இருக்கும், குழம்பில் பருப்பு இருக்காது. முட்டையும் மீனும் தை வரை காத்திருக்கும். அந்த மெலிவு கர்ப்பிணியின் ரத்தத்தில்தான் முதலில் தெரியும்.

இதே காரைக்கால் கடற்கரையில் ஏற்கெனவே ஒரு முன்மாதிரி இருக்கிறது. மீன் இனப்பெருக்கத்துக்காக ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாது. அந்த நாட்களுக்கு மீனவக் குடும்பங்களுக்குத் தடைக்கால நிவாரணம் உண்டு. வேலை இல்லாத மாதம் எது என்று அரசுக்கு முன்கூட்டியே தெரியும், அதற்கு ஒரு தொகையும் உண்டு, அதைத் தானம் என்று யாரும் சொல்வதில்லை. மீனவக் கிராமமான கிளிஞ்சல்மேட்டிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே போனால் வயல் தொடங்கிவிடும். அங்கே நிலமில்லாத கூலிக் குடும்பத்தின் ஆனி, ஆடிக்கும் ஐப்பசி, கார்த்திகைக்கும் இதே கணக்கைப் போடுவதில் தத்துவச் சிக்கல் எதுவும் இல்லை. எந்தெந்த மாதம் என்று புதிதாகக் கண்டுபிடிக்கவும் வேண்டாம். கூழ் வார்க்கும் தேதியை ஒவ்வொரு மாரியம்மன் கோயில் பூசாரியும் சொல்லிவிடுவார்.